சிவப்புப் புத்தகத்தின் அறுபத்து நான்காம் பக்கம்

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதிக்கொள்வது.

முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னித்துவிடு. எழுத்துகள் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை என்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கூட்டம் மாதிரி நிற்கின்றன. ஒவ்வொரு வரியும் நேராகத்தான் கிளம்புகிறது, பாதி வழியில் மாடிப்படி இறங்க ஆரம்பித்துவிடுகிறது. 'ண' எழுதும்போது எத்தனை சுழி போட்டேன் என்பது மறந்துபோகிறது. சந்தேகம் வந்தால் ஒன்று கூடவே போட்டுவிடுகிறேன், தங்கைக்குக் குறைத்துக் கொடுத்தான் என்ற பேச்சு வேண்டாம். 'ஔ' என்ற எழுத்தை மூன்று நாள் பாடுபட்டுக் கற்றேன். அதை உனக்கு எழுதிக் காட்ட ஆசை, ஆனால் அதற்கு வேலை கொடுக்கிற சொல் ஒன்றும் அகப்படவில்லை. பத்து நாளாக இதை எழுதுகிறேன். எழுத்து கொஞ்சம் பார்க்கும்படி இருந்தால் அது காலையில் எழுதியது, புழு நெளிந்தால் மாலையில் எழுதியது என்று வைத்துக்கொள்.

இங்கே நான் நலம், வலது முழங்கால் நீங்கலாக. அங்கே நீயும் மகனும் மருமகளும் நலம் என்று நம்புகிறேன் என எழுதுவது முறை. நலமாக இல்லை என்று உன் கடிதத்தைப் படித்துத் தெரிந்துகொண்டதால்தான் எழுதுகிறேன். ஆனாலும் கற்றுக்கொண்ட வாரத்திலேயே முறையை மீற மனம் வரவில்லை.

இதுவரை என் பெயரில் உனக்கு வந்த கடிதமெல்லாம் கீழ்வீட்டுத் தபாலம்மா எழுதியவை. முப்பது வருஷம் இதே தெருவில் கடிதம் கொடுத்தவர், எனக்கு வந்ததைப் படித்துக் காட்டியதும் அவர்தான், பதில் எழுதியதும் அவர்தான். நான் மூச்சு வாங்க அரை மணி நேரம் சொல்வேன், அவர் நாலு வரி எழுதி ஒட்டிவிடுவார். "இவ்வளவு சொன்னேனே, இத்துனூண்டுதான் வந்திருக்கா?" என்று கேட்டால், "சாரம் இறங்கிடுச்சு பைண்டரே. நலம், நலமறிய ஆவல், முட்டி வலி. வேற என்ன இருக்கு உங்ககிட்ட?" என்பார். போன வருஷம் அவர் ஓய்வு பெற்றார். பெற்ற அன்றைக்கே மாடி ஏறி வந்து, "இத்தோட லெட்டர் கொடுக்கிற வேலையும் முடிஞ்சுது, படிச்சுக் காட்டுற வேலையும் முடிஞ்சுது. நாளையிலேர்ந்து அஞ்சு மணிக்கு ஒரு நோட்டோட கீழ வாங்க" என்றார். "எனக்கு எழுபத்தொண்ணு ஆச்சும்மா" என்றேன். "அதனாலதான் நாளைக்கே வாங்கன்னு சொல்றேன்" என்றார். இப்படித்தான், ஆயிரக்கணக்கான புத்தகங்களைத் தைத்து, முதுகு தடவிக் கொடுத்து ஒன்றின் முகத்தையும் பார்க்காத உன் அண்ணன், எழுபத்திரண்டாம் வயதில் படிக்கிறவன் ஆனேன். இப்போது தெருவில் நடக்கவே நேரமாகிறது. ஒரு பலகை விடாமல் படித்துக்கொண்டே போகிறேன். முப்பது வருஷமாக நான் முடி வெட்டிக்கொண்ட கடையில் 'உட்காரும் முன் செருப்பைக் கழற்றவும்' என்று எழுதியிருக்கிறது. ஒருநாள்கூட நான் கழற்றியதில்லை, அவரும் ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

தபாலம்மா முதலில் எனக்கு ஒரு நாவல் கொடுத்தார். இரண்டு மாதத்தில் நாற்பது பக்கம் படித்தேன். அதில் ஒரு குடும்பம் ஐந்து தடவை சாப்பிட உட்காருகிறது, ஒரு தடவைகூடச் சாப்பிட்டு முடிக்கவில்லை. யாராவது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறார், இல்லையென்றால் கதவை யாரோ தட்டுகிறார்கள். என்ன சமைத்தார்கள் என்பதும் இல்லை, 'உணவு ஆறிக்கொண்டிருந்தது' என்று ஒரு வரி. அத்தனை உணவும் ஆறி வீணாவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. "இந்த வீட்டுல யாரும்மா பாத்திரம் கழுவுறது?" என்று கேட்டேன். "எழுதினவரோட சம்சாரம்" என்றார் தபாலம்மா. அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சமையல் புத்தகம்தான் சரிப்படும்" என்றார்.

என்னிடம் ஒரு சமையல் புத்தகம் இருந்தது. இருபது வருஷமாக மேஜைக் காலுக்கு அடியில் இருந்தது. 'நிறைவான அடுப்படி', நான் வாலிபத்தில் தைத்த அதே புத்தகம், உனக்குச் சிவப்புத் துணி போட்டுக் கொடுத்தேனே அதன் கூடப் பிறந்தது. எடுத்துத் துடைத்தேன். மேஜை அன்றிலிருந்து ஆடுகிறது, ஆடினால் ஆடட்டும். என்ன புத்தகம் அது. இருநூறு பக்குவம், நடுநடுவே வீட்டுக் குறிப்பு. அதில் ஒருவரும் அழுதுகொண்டு எழுந்து போவதில்லை, வெங்காயம் நறுக்கும் இடத்தில்கூட. எடுத்த காரியத்தை முடிக்காமல் யாரும் விடுவதில்லை, எல்லாப் பக்கமும் 'சூடாகப் பரிமாறவும்' என்று நல்லபடியாக முடிகிறது. படிக்கப் படிக்க நம்முடைய பழைய ஒற்றை அறை கண்ணுக்கு முன் வந்தது. நீ ஜன்னலடியில் பாடம் படிப்பாய். நான் அச்சகத்திலிருந்து நகக்கண் முழுக்கப் பசையோடு வருவேன். "கையைக் கழுவாம சட்டியைத் தொட்டே, தொலைச்சுடுவேன்" என்பாய். நீ பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று நான் வேலைக்குப் போனேன், நான் வேலைக்குப் போகிறேன் என்று நீ பத்து வயதில் சமைத்தாய். உன் ரொட்டி ஒரு பக்கம் கருகியிருக்கும், கருகாத பக்கத்தை எனக்குப் பிய்த்துத் தருவாய். அதை எந்தப் பக்குவத்திலும் எழுதவில்லை, பார்த்துவிட்டேன்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். 'நான் படிக்கிறேன், இனி நேராக எனக்கே எழுது' என்று ஒரு வரி அட்டை போட்டிருந்தேன் அல்லவா, பதிலுக்கு நீ எட்டுப் பக்கம் எழுதுவாய் என்று நினைக்கவே இல்லை. இரண்டு பெரிய தாள், ஒவ்வொன்றும் நடுவில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்று வைத்திருந்தாய். உன் எழுத்தை ஒரே மூச்சில் படிக்க எனக்கு மூச்சு இல்லை. அதனால் வெளித்தாளை ஜன்னலருகே வைத்துக்கொண்டு, உள்தாள் காற்றில் பறக்காமல் இருக்க அதைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, நாளைக்கு ஒரு பக்கம் என்று படித்தேன். முதல் நாள் உன் உடல்நலம். இரண்டாம் நாள் சமையலறைக் கூரை ஒழுகுவதும் கொத்தனாரை நீ கூப்பிட்டதும். 'அவர் ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு' என்று அந்தப் பக்கம் முடிந்தது. அவர் என்ன சொன்னாரோ என்று மறுநாள் வரை எனக்குத் தவிப்பு. மறுநாள் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தால், 'முதல் வாரமே தெரியும். நாற்பத்தாறு வருஷமாக வாய் திறக்கவில்லை. பாவம், உட்கார்ந்து உட்கார்ந்து செய்த வேலை, சொன்னால் மனசு கஷ்டப்படும். இப்போது எல்லாம் வெளிச்சமாகிவிட்டது' என்று இருக்கிறது. தங்கச்சி, அந்தக் கொத்தனாரை இனி வீட்டுக்குள் விடாதே. கூரை போட்ட முதல் வாரமே ஓட்டை தெரிந்தும் நாற்பத்தாறு வருஷம் வாயை மூடிக்கொண்டு, வெளிச்சம் வருகிற அளவுக்கு அது பெரிதாகிற வரை பொறுத்திருந்த மனிதனை என்னவென்று சொல்வது. போட்டவன் மனசு கஷ்டப்படுமாம். நனைகிறவள் மனசு என்ன ஆவது? தபாலம்மாவிடம் சொன்னேன். "அவ்வளவு நல்ல மனசுக்காரர் கொத்து வேலைக்கு ஏன் வந்தாரு?" என்றார்.

அதற்கடுத்து நீயும் மருமகளும் அடுப்பின் முன் நின்று சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்ததை எழுதியிருந்தாய். ஓட்டைக் கூரைக்குக் கீழே நின்று சிரிக்க உன்னால்தான் முடியும். மருமகள் உன் சிவப்புப் புத்தகத்தைக் கேட்டதையும், இனி அது அவளுடையது என்று நீ கொடுத்துவிட்டதையும் படித்து எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. 'உடம்பைப் பார்த்துக்கொள், இப்படிக்கு உன் தங்கை' என்று முடித்திருந்தாய். மிச்சம் நான்கு பக்கம் இருக்கிறதே, கையெழுத்துப் போட்ட பிறகு என்ன எழுதியிருப்பாள் என்று யோசித்தேன். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்தது. நம் குடும்பத்தில் யார் உள்ளே உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறோம். எல்லாரிடமும் விடைபெற்று, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்றுதானே முக்கியமானதைச் சொல்வோம்.

உள்தாளை எடுத்தேன். முதல் வரியே இப்படி இருந்தது. 'நாளைக்கு வருகிறேன் என்று போனவர்தான், இன்றுவரை ஆளைக் காணோம். அதை விடு, பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.' தங்கச்சி, உன் மகன் எங்கே போனான்? பெற்ற பிள்ளையை 'அவர்' என்று எழுதுகிற அளவுக்கு உனக்குக் கோபம் என்றால் நடந்தது சின்ன விஷயமாக இருக்க முடியாது. மேலே படித்தேன். மகன் பிறந்தநாளுக்கு மருமகள் உனக்குத் தெரியாமல் உன் பூசணித் துண்டைச் செய்து அசத்த நினைத்து, பழைய புத்தகக் கடையில் அதே 'நிறைவான அடுப்படி'யைத் தேடி வாங்கி ஒளித்து வைத்துச் சமைத்ததாக எழுதியிருந்தாய். உன் புத்தகத்தைத்தான் நீயே கொடுத்துவிட்டாயே, அது போதாதென்று ஏன் இன்னொன்று வாங்கினாள் என்று முதலில் அவள்மேல் எனக்கு வருத்தம் வந்தது. அவள் செய்ததில் வந்தது தண்ணீராக ஒரு சூப். இரண்டாம் தடவையும் சூப். உன்னிடம் கேட்டாள், "புத்தகத்துல இருக்கிறபடி செய்ம்மா" என்றாய், அவள் பார்ப்பது உன் புத்தகம் என்று நினைத்து. மூன்றாம் தடவையும் சூப். "ஏதோ ஒண்ணை மறைக்கிறீங்க அத்தை. நான் தோக்கணும்னு நினைக்கிறீங்க." "நான் எதைம்மா மறைச்சேன்? நாலு முட்டை, மேல ரொட்டித்தூள், அறுபத்தி நாலாம் பக்கம். ஊருக்கே தெரியும்." "அறுபத்தி நாலாம் பக்கத்துல முட்டையே இல்ல அத்தை." மூன்று வாரம் ஒரே சமையலறையில் இரண்டு அடுப்பு, இரண்டு உப்பு டப்பா. கடைசியில் அவள் இரண்டு புத்தகத்தையும் கொண்டுவந்து உன் முன் விரித்து, "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நீ 'எனக்கு' என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாய், அதோடு தாள் முடிந்துவிட்டது. அதற்கு மேல் எழுத முடியாமல் அழுதுகொண்டே பேனாவைக் கீழே வைத்த உன்னை நினைத்து நானும் ஜன்னலருகே உட்கார்ந்து அழுதேன். எதிர்வீட்டுத் தையல்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

அழுது முடித்ததும் என் புத்தகத்தைத் திறந்து அறுபத்து நான்காம் பக்கத்தைப் பார்த்தேன். படம் போட்டுப் பூசணிக்காய். வெங்காயம், பூண்டு, வெண்ணெயில் வதக்கி, பூசணியைப் போட்டு, 'நன்றாகக் குழைந்ததும்' என்று பக்கம் முடிகிறது. அறுபத்து ஐந்தாம் பக்கம், 'ஆறு குவளை வெந்நீர் விட்டு, மசித்து, வடிகட்டி, படுத்த படுக்கையாக இருப்போருக்கு நாளைக்கு மூன்று வேளை கொடுக்கவும்.' ஆக மருமகள் பொய் சொல்லவில்லை. உன் முட்டையும் ரொட்டித்தூளும் எங்கே என்று ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன், மூன்று நாள் ஆயிற்று. எண்பத்தோராம் பக்கத்தின் உச்சியில் இருந்தது, விருந்தாளிக்கு அவசரத்தில் செய்கிற எதனுடைய வாலாகவோ. 'நான்கு முட்டையை உடைத்து ஊற்றி, மேலே ரொட்டித்தூள் தூவி, மூடியின் மேலும் தணல் வைத்து, பொன்னிறமானதும் துண்டு போடவும்.' ஆக நீயும் பொய் சொல்லவில்லை. அறுபத்து நான்கு, எண்பது. இந்த இரண்டு எண்ணையும் எழுதிப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். படித்தவர் யாருக்கும் அதில் ஒன்றும் தெரியாது. பைண்டருக்குத் தெரியும். பெரிய தாளை மூன்று மடிப்பு மடித்தால் பதினாறு பக்கம், அதைத்தான் ஒரு பாரம் என்போம். அறுபத்து நான்கில் நான்காம் பாரம் முடிகிறது, எண்பதில் ஐந்தாவது முடிகிறது. உன் புத்தகத்தில் நான்காவதுக்குப் பிறகு ஆறாவது இருக்கிறது. ஐந்தாவது அதற்குப் பின்னால் போய்விட்டது. தைத்தவன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? மறுநாள் உனக்குக் கல்யாணம். அச்சகத்து மேஸ்திரி, பிடித்தால் விடமாட்டார் என்று கோந்து என்று கூப்பிடுவோமே, அவரிடம் கேட்டேன். "கழிவுத் தாள்ல நல்லதாப் பொறுக்கிக்கோ. ஞாயித்துக்கிழமை வந்து தைச்சுக்கோ. என் தலையை உருட்டாதே" என்றார். யாருமில்லாத அச்சகத்தில் நான் மட்டும் உட்கார்ந்து தைத்தேன். ஒவ்வொரு பாரத்தின் முதுகிலும் ஒரு கறுப்புக் கட்டை அச்சாகியிருக்கும், முதலாவதில் உச்சியில், அடுத்ததில் கொஞ்சம் கீழே, அதற்கடுத்ததில் இன்னும் கீழே. வரிசை சரியாக இருந்தால் முதுகில் ஒரு மாடிப்படி இறங்கும். எழுத்துத் தெரியாத நான் எல்லா வருஷமும் அந்தப் படியைப் பார்த்துத்தான் வேலை செய்தேன். கழிவுத் தாள் ஆயிற்றே, அன்றைக்கு இரண்டு பாரத்தில் கட்டை அச்சாகவே இல்லை. பக்க எண்ணைப் பார்த்திருக்கலாமே என்பாய். எண் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் புத்தகத்தில் எவரோ ஒரு புண்ணியவான் அழகுக்காகப் பக்க எண்ணையெல்லாம் எழுத்தில் போட வைத்திருந்தார், 'அறுபத்து ஐந்து' என்று கொடி சுற்றி. கோந்தை வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். படிக்கத் தெரியாது என்று மறுபடி ஒருமுறை சொல்ல வெட்கம். அதனால் படத்தைப் பார்த்து முடிவு செய்தேன். ஒரு பாரத்தின் முதல் பக்கத்தில் கட்டிலில் ஒரு ஆள் போர்த்திப் படுத்திருந்தான். இன்னொன்றில் ஒரு சட்டி, மூடி மேல் தணல். பூசணிக்காய்க்கு அடுத்து நோயாளி எதற்கு? கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்கிற புத்தகம். சட்டிதான் சரி என்று சட்டியை வைத்தேன். பொன்னெழுத்தில் உன் பெயர் பதிக்கத் தெரியாமல் பித்தளை அச்சால் அட்டையில் ஒரு கரண்டி பதித்தேன். உன் கையில் கொடுத்தபோது துணியை விட்டுக் கையை எடுக்க மனமில்லாமல் தடவிக்கொண்டே நின்றேன்.

இந்த இடத்தில் இரண்டு நாள் எழுதவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பாரம் இடம் மாறினால் ஒரு மூட்டு அல்ல, மூன்று மூட்டு கெட்டுப்போகும். இரண்டாவது மூட்டில், சட்டைக் காலரில் எண்ணெய்க் கறை போக என்று ஒரு குறிப்பு, 'காலரைச் சோப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பிறகு' என்று முடிகிறது. உன் புத்தகத்தில் அதற்கடுத்த வரி, 'ஆறு குவளை வெந்நீர் விட்டு, மசித்து, வடிகட்டி, படுத்த படுக்கையாக இருப்போருக்கு நாளைக்கு மூன்று வேளை'. மாப்பிள்ளைக்கு ஒருமுறை காய்ச்சல் வந்ததே, அப்போது நீ என்ன கொடுத்தாய் என்று எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. மூன்றாவது மூட்டு இன்னும் மோசம். 'எதிர்பாராத விருந்தாளி வந்தால் முகம் கோணாமல் வரவேற்று, நல்ல நாற்காலியில் உட்கார வைத்து' என்று எண்பதாம் பக்கம் முடிகிறது. உன் புத்தகத்தில் அதற்குப் பிறகு வருவது காலரின் வால், 'கசக்கிப் பிழியவும்', அதன் கீழே கோழி. 'கழுத்தைத் திருகி, இறகைப் பிடுங்கி, உப்புத் தடவி ஒரு மணி நேரம் வைக்கவும்.' அந்தப் பக்கம் உன் கண்ணில் படவில்லை போலிருக்கிறது, உன் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

உன் வீட்டுக்கு நான் முதலில் வந்த நாள் நினைவுக்கு வருகிறது. கல்யாணமாகி ஒரு மாதம். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றேன். "வா அண்ணா, உட்காரு, கழுத்தைக் காட்டு" என்றாய். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். காலர் அழுக்காக இருக்கிறதோ என்று நான் சட்டையைச் சரி செய்துகொண்டேன். அதற்குப் பிறகு எத்தனை வருஷம், நான் எப்போது வந்தாலும் அதே பேச்சு, அதே சிரிப்பு. உன் வீட்டுக்கு வருவதென்றால் புதுக் காலர் வைத்த சட்டைதான் போடுவேன். அன்றைக்குத்தான் பூசணித் துண்டை முதலில் சாப்பிட்டேன். மேலே மொறுமொறு, உள்ளே வெண்ணெயாய் இறங்கிற்று. "எப்படிச் செஞ்சே?" என்று கேட்டேன். "உன் புத்தகத்துலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டாய். அதிகம் பேசாத மாப்பிள்ளை, பழுது பார்க்க வந்த கடிகாரத்தைத் தவிர எதையும் உற்றுப் பார்க்காதவர், நிதானமாக இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டு, "நல்ல தையல்" என்றார். புத்தகத்தைச் சொல்கிறார் என்று நினைத்துப் பூரித்துப்போனேன். அவர் போய் ஆறு வருஷமாகிறது. இன்றைக்கும் பூசணிக்காய் பார்த்தால் அந்தத் தட்டும் அந்தக் குரலும்தான்.

ஆகவே தங்கச்சி, உனக்கும் மருமகளுக்கும் நடுவில் நிற்பது ஒரு முட்டையோ ஒரு பொய்யோ இல்லை, நான்தான். இந்தக் கடிதத்தை அப்படியே அவள் கையில் கொடு. அவளைப் படிக்கச் சொல். "உங்க அத்தை எதையும் மறைக்கலம்மா, மறைச்சதெல்லாம் இந்தக் கிழவனோட வெட்கம்தான்" என்று நான் சொன்னதாகச் சொல். உன் மகன் எங்கே இருந்தாலும் ஆளனுப்பிக் கூட்டி வா, அவனை 'அவர்' என்று சொல்வதை விட்டுவிடு. பிறகு ஒரு வேலை. சிவப்புப் புத்தகத்தை எனக்கு அனுப்பு. ஊசியும் நூலும் எடுத்து வைத்துவிட்டேன், கை இன்னும் நடுங்கவில்லை. பழைய தையலைப் பிரித்து, ஐந்தை ஐந்தாகவும் ஆறை ஆறாகவும் வைத்து, நாற்பத்தாறு வருஷத்துப் பிழையைத் திருத்தித் தருகிறேன். முதல்முறையாக ஒரு புத்தகத்தைப் படித்துப் பார்த்துத் தைப்பேன்.

உன் கை பட்டதெல்லாம் ருசிக்கட்டும். உன் அடுப்பு ஒன்றாகட்டும், உப்பு டப்பாவும் ஒன்றாகட்டும். கூரை ஓட்டை அடைபடட்டும்.

இப்படிக்கு
எழுத்துக் கூட்டி உன்னை நினைக்கும்
அண்ணன்

பின் குறிப்பு. மேலே உள்ளதில் பாதியை மறந்துவிடு. இன்று காலை உறை வாங்கத் தபாலம்மாவிடம் போனேன். முப்பது வருஷமாக உன் கடிதத்தைப் படித்தவர், இந்த ஒன்றை நான் காட்டவே இல்லை என்று அவருக்கு மனத்தாங்கல். "நான் ஒண்ணும் பறிச்சுக்க மாட்டேன், குடுங்க" என்றார். கொடுத்தேன். இரண்டு தாளையும் வாங்கினார், கை வாக்கில் ஒன்றை ஒன்றுக்குள் செருகினார், வந்தபோது இருந்தபடியே. சத்தமாகப் படித்தார். 'அவர் ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு' என்று வந்தது, உள்தாளுக்குத் திரும்பினார், 'நாளைக்கு வருகிறேன் என்று போனவர்தான்.' போனது கொத்தனார். உன் மகன் எங்கேயும் போகவில்லை. நான்கு பக்கம் சண்டையைப் படித்தார். 'எனக்கு' என்றார். வெளித்தாளுக்குத் திரும்பினார். "முதல் வாரமே தெரியும். நாற்பத்தாறு வருஷமாக வாய் திறக்கவில்லை." படிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பைண்டரே, இதை நீங்க எந்த வரிசையில படிச்சீங்க?" சொன்னேன். ஒன்று, இரண்டு, ஏழு, எட்டு, அப்புறம் மூன்றிலிருந்து ஆறு. "அந்த நல்ல மனசுக்காரக் கொத்தனார்..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. எனக்கும் வந்தது, ஆனால் என்னுடையது வேறு கண்ணீர்.

தங்கச்சி, உனக்கு முதல் வாரமே தெரியுமா? கழுத்தைக் காட்டு என்று நீ சொன்னது கோழியா? மாப்பிள்ளைக்கும் தெரியுமா, அதனால்தான் நல்ல தையல் என்றாரா? படிக்கத் தெரியாத ஒருவன் துணியைத் தடவிக்கொண்டு நின்ற முகத்துக்காக, ஒரு வீடே நாற்பத்தாறு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்களா? அண்ணன் படிக்கிறான் என்று தெரிந்த பிறகுதான் சொல்ல மனம் வந்ததா? கிழித்துப் போட்டுவிட்டு வேறு கடிதம் எழுதுங்கள் என்றார் தபாலம்மா. பத்து நாள் உழைப்பு, கிழிக்க மாட்டேன். கொத்தனாரிடம் மட்டும் நான் வருத்தப்பட்டதாகச் சொல்லிவிடு.

சிவப்புப் புத்தகத்தை அனுப்பாதே. ஒரு நூலைக்கூட யாரும் தொடக்கூடாது. சரியாகத் தைத்த என் புத்தகத்தைப் பார்த்து அந்தச் சூப்பை நேற்று நானும் செய்து குடித்தேன். அது சூப்பே அல்ல, ஔஷதம். பார், ஔவுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஆகவே மருமகள் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி இருக்கிறதே, அதை எனக்கு அனுப்பு. ஒரே வீட்டில் உங்கள் இருவருக்கும் ஆளுக்கொன்று இருக்கட்டும். அதைப் பிரித்து, ஐந்தையும் ஆறையும் இடம் மாற்றி, உன்னுடையது போலவே தப்பாகத் தைத்துத் தருகிறேன்.

அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன். பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு, எண்ணிலேயே.